கிரேட் நார்த் ரன்: ஐந்து பேராகச் சேர்ந்து ஓடினோம்

முதன்முதலாக ஒரு ஹாஃப் மாரத்தான் ஓட வேண்டும், தனியாக இல்லாமல் நாலு நண்பர்களோடு ஓட வேண்டும், ஓடுவது யாருக்காவது உபயோகமாகவும் இருக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்கள் கேட்டால், நான் கிரேட் நார்த் ரன்னைத்தான் சொல்வேன். நியூகாஸிலில் தொடங்கி சவுத் ஷீல்ட்ஸ் கடற்கரையில் முடிகிற ஓட்டம். வழக்கமாக செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும். தூரம் 13.1 மைல், நம் கணக்கில் 21.1 கிலோமீட்டர். தன் பழைய நேரத்தில் இரண்டு நிமிடம் குறைக்க வேண்டும் என்று வருகிறவர்களுக்கு இதைவிடத் தோதான ஓட்டங்கள் உண்டு. இங்கே சுமார் 60,000 பேர் ஓடுகிறார்கள். முன்னால் போகிறவர் வழிவிட்டால்தான் நமக்கு வேகம். ஆனால் ஒரு கூட்டமாக, யாரையாவது மனதில் வைத்துக்கொண்டு ஓட நினைப்பவர்களுக்கு இது கட்டாயம் பிடிக்கும்.

இதைத் தொடங்கியவர் பிரெண்டன் ஃபோஸ்டர். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் வெண்கலம் வாங்கியவர். 1979-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஊரே திரண்டு ஓடுகிற ஓர் ஓட்டத்தில் கலந்துகொண்டு, இதை நம் ஊரிலும் செய்தால் என்ன என்று யோசித்திருக்கிறார். அவருடைய ஊர் ஹெபர்ன், இந்த ஓட்டப்பாதைக்குப் பக்கம்தான். 1981 ஜூனில் முதல் ஓட்டம் நடந்தபோது 12,000 பேர் அளவில் ஓடினார்கள். 2014-இல் பத்து லட்சமாவது ஆள் எல்லைக்கோட்டைக் கடந்தார். அதே 2014-இலிருந்து 2019 வரை வரிசையாக ஆறு முறை ஜெயித்தவர் ஒலிம்பிக் தங்கம் வென்ற மோ ஃபாரா. அப்பேர்ப்பட்டவர்கள் ஓடுகிற அதே சாலையில், அதே காலையில், ஆறு மாதம் முன்புவரை பஸ்ஸுக்குக்கூட ஓடாத ஆட்களும் ஓடலாம் என்பது எனக்கு இன்றும் பெரிய விஷயமாகத்தான் தெரிகிறது.

நாங்கள் ஐந்து பேர். நான் நாகர்கோவில்காரி, இங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். கோயம்புத்தூரிலிருந்து வந்த டாக்டர் அக்கா ஒருவர். முதுகலை படிக்கும் மதுரைத் தம்பி. நியூகாஸிலுக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கும் கேட்ஸ்ஹெட் பக்கம் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன். அப்புறம் தஞ்சாவூர்க்காரர் ஒருவர். இவருடைய மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, நியூகாஸில் ஃப்ரீமன் மருத்துவமனையில் நீண்ட சிகிச்சைக்குப் பிறகு நலமாகி வீட்டில் இருக்கிறார். தஞ்சாவூர்க்காரர் என்னை இன்னும் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார். ஓடலாம் என்று முதலில் சொன்னவர் அவர்தான். யாருக்காக ஓடுவது என்று நாங்கள் விவாதிக்கவே இல்லை. சர் பாபி ராப்சன் ஃபவுண்டேஷன் என்று அவர் சொன்னார், சரி என்றோம்.

பாபி ராப்சன் இங்கிலாந்து கால்பந்து அணிக்கும், பிறகு நியூகாஸில் யுனைடெட் அணிக்கும் மேலாளராக இருந்தவர். பக்கத்து டர்ஹம் மாவட்டத்துச் சுரங்கத் தொழிலாளியின் மகன். பல முறை புற்றுநோயோடு போராடியவர். 2008-இல் இந்த அறக்கட்டளையைத் தொடங்கியபோது, ஃப்ரீமன் மருத்துவமனையில் புதிய புற்றுநோய் மருந்துகளைப் பரிசோதிக்கும் மையத்துக்காக 5 லட்சம் பவுண்ட் திரட்ட வேண்டும் என்பது இலக்கு. ஏழே வாரத்தில் அந்தப் பணம் வந்துவிட்டது. அடுத்த ஆண்டு அவர் இறந்துபோனார்; மையம் அவர் பெயரில் நடக்கிறது. இந்த ஊரில் டாக்ஸி ஓட்டுநரிடம் அவர் பெயரைச் சொன்னால் போதும், மீதி வழி முழுக்க அவரே பேசுவார்.

இனி சேரும் வழி. இரண்டு உண்டு. ஒன்று குலுக்கல்: பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், பெயர் விழுந்தால் கட்டணம் கட்டி ஓடலாம். ஐந்து நண்பர்கள் சேர்ந்து ஓட நினைத்தால் குலுக்கலை நம்பாதீர்கள். இரண்டு பேருக்கு விழும், மூன்று பேருக்கு விழாது, குழு உடைந்துவிடும். இன்னொன்று தொண்டு நிறுவனத்தின் வழியாகச் சேர்வது. அவர்கள் கையில் சில இடங்கள் இருக்கும். சிறிய பதிவுக் கட்டணம் கட்டி, தலைக்குச் சில நூறு பவுண்ட் திரட்டித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தால் இடம் உறுதி. தொகை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தப் பணம் திரட்டும் வேலையைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். ஓட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ஷூ, ஜெல், கடிகாரம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், இதை இரண்டு வரியில் தாண்டிவிடுகிறார்கள். உண்மையில் 13 மைல் ஓடுவதைவிட இது கடினம். நம் ஆட்களுக்குக் கல்யாணத்தில் மொய் எழுதத் தெரியும், கோயிலுக்குக் கொடுக்கத் தெரியும். ஆனால் நான் ஓடுகிறேன், அதற்கு நீங்கள் காசு கொடுங்கள் என்றால் பாதிப் பேருக்குப் புரிவதில்லை. "நீ ஓடுறதுக்கு நான் எதுக்கும்மா காசு குடுக்கணும்?" என்று என் சித்தப்பா போனில் கேட்டார். நியாயமான கேள்விதான். தஞ்சாவூர்க்காரர் தன் மனைவியின் கதையைத் தானே பத்து வரியில் எழுதி, குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் போட்ட பிறகுதான் பணம் வரத் தொடங்கியது. அதை எழுதலாமா என்று முதலில் மனைவியிடம் கேட்டிருக்கிறார். "என் பேரையும் போட்டே எழுதுங்க" என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். நம் வீடுகளில் இந்த நோயின் பெயரைக்கூட உரக்கச் சொல்லமாட்டார்கள் என்பது நர்ஸாக எனக்குத் தெரியும். அந்தப் பத்து வரிக்கு முன்னால் நாங்கள் ஓடியதெல்லாம் ஒன்றுமே இல்லை.

ஒரு முக்கியமான விஷயம்: கிஃப்ட் எய்ட். இங்கே வரி கட்டுகிறவர் ஒரு பவுண்ட் கொடுத்து, நன்கொடைப் பக்கத்தில் அதற்கான கட்டத்தில் டிக் அடித்தால், அரசாங்கம் கூடுதலாக 25 பென்ஸ் தொண்டு நிறுவனத்துக்குத் தரும். கொடுப்பவருக்கு ஒரு காசு செலவில்லை. ஆனால் நம்மவர்கள் அதைப் பார்த்ததும், இது என்னவோ வரி சமாசாரம், நமக்கு எதற்கு வம்பு என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். நீங்களே ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொல்லுங்கள். ஊரிலிருந்து கொடுக்கும் சொந்தக்காரர்களுக்கு இது பொருந்தாது, அவர்கள் இங்கே வரி கட்டுவதில்லை.

டாக்டர் அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹால் வாடகைக்கு எடுத்து மதியச் சாப்பாடு போட்டார். சோறு, சாம்பார், வத்தக்குழம்பு, இரண்டு கூட்டு, பாயசம். "எல்லாரும் வயிறார சாப்பிடுங்க, அப்புறம் தாராளமா குடுங்க" என்று வாசலிலேயே நின்று சொன்னார். அண்ணன் தன் கடை கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு உண்டியல் வைத்தார். பாபி ராப்சன் படம் ஒட்டிய அந்த டப்பாவில் வாடிக்கையாளர்கள் மீதிச் சில்லறையைப் போட்டுப் போட்டு, நாங்கள் இணையத்தில் திரட்டியதற்குச் சரிசமமாக வந்து நின்றது. இந்த ஊர்க்காரர்கள் பெரிய பணக்காரர்கள் இல்லை. ஆனால் கொடுக்கிறவர்கள்.

குழு என்றால் சட்டை வேண்டும். அறக்கட்டளை கொடுத்த பனியனின் முதுகில் எங்கள் குழுவின் பெயரைத் தமிழில் அச்சடித்துக்கொள்ள ஆசைப்பட்டு, ஒரு கடையில் கொடுத்தோம். கடையின் பெயர் வேண்டாம். 'துணையோடு' என்று கேட்டிருந்தோம். வந்து சேர்ந்ததில் ஐகாரக் கொம்பு தனியாக ஓர் இடத்தில், ணகரம் தனியாக ஓர் இடத்தில், 'யோ'வின் முன்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய், நடுவில் புள்ளி புள்ளியாய் ஒரு வட்டம். தமிழ் தெரியாதவருக்கு அது ஏதோ அழகான கோலம்போல இருந்திருக்கும். எங்களுக்கு மனசு கேட்கவில்லை. திருப்பிக் கேட்டதற்கு, நீங்கள் அனுப்பிய கோப்பைத்தான் அடித்தோம் என்று சொல்லிப் பணத்தையும் தரவில்லை. மதுரைத் தம்பி ராத்திரி முழுக்க உட்கார்ந்து துணி பெயின்ட்டால் ஐந்து பனியனிலும் கையால் எழுதினான். ஓடுகிற வழியெல்லாம் ஆட்கள் அதைத் தொட்டுப் பார்த்து, இது என்ன மொழி என்று கேட்டார்கள்.

நெஞ்சுப் பக்கம் உங்கள் பெயரை ஆங்கிலத்தில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். ஏன் என்று ஓடும்போது தெரியும்.

பயிற்சிக்கு டவுன் மூர் போதும். நியூகாஸில் நடுவிலேயே இருக்கும் பெரிய புல்வெளி, கோடையில் மாடுகள் மேயும். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அங்கே பார்க்ரன் நடக்கும், 5 கிலோமீட்டர், இலவசம். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராகப் போய் நான் ஓடியதுண்டு. ஒன்று மட்டும் சொல்கிறேன்: ஓட்ட நாளுக்கு முன்பு ஒரு தடவையாவது பத்து, பதினொரு மைல் போய்விடுங்கள். இங்கே எல்லாப் பலகைகளும் மைலில் இருக்கும். கிலோமீட்டரில் மட்டுமே ஓடிப் பழகியவர்களுக்கு அடுத்த பலகை வருவதற்குள் பொறுமை போய்விடும்.

அன்று காலை. கிளம்பும் இடம் நகரத்தின் நடு மோட்டார்வே. வழக்கமாகக் கார் பறக்கும் சாலையில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மனிதத் தலைகள். நாம் எவ்வளவு நேரத்தில் முடிப்போம் என்று பதிவில் சொன்னோமோ அதன்படி நிறம் நிறமாய்ப் பிரித்து நிறுத்துகிறார்கள். குழுவாக ஓடுகிறவர்கள் பதிவு செய்யும்போதே ஐந்து பேரும் ஒரே நேரத்தைப் போடுங்கள், அதுவும் உங்களில் மெதுவானவரின் நேரத்தைப் போடுங்கள். பைகளைக் கொண்டுபோக வரிசையாக பஸ்கள் நிற்கும். உங்கள் எண்ணுக்குரிய பஸ்ஸில் போட்டுவிட்டால் சவுத் ஷீல்ட்ஸில் வாங்கிக்கொள்ளலாம். அதைக் கொடுத்த பிறகு வெகுநேரம் நிற்க வேண்டியிருக்கும், செப்டம்பர் காலைக் குளிர் கொஞ்சம் கடிக்கும். தூக்கிப் போடுகிற மாதிரி பழைய ஸ்வெட்டர் ஒன்று மேலே போட்டுக்கொள்ளுங்கள். முன்வரிசைக்காரர்கள் கிளம்பி ஒரு மணி நேரம் ஆன பிறகும் நாங்கள் நடந்துகொண்டுதான் இருந்தோம். கவலை வேண்டாம், எண் அட்டையோடு வரும் சிப், நீங்கள் கோட்டைத் தாண்டும்போதுதான் கணக்கைத் தொடங்கும்.

அந்தக் காத்திருப்பில்தான் முதுகுகளைப் படித்தேன். எல்லார் முதுகிலும் யாரோ இருக்கிறார்கள். 'என் அப்பாவுக்காக', 'எங்கள் குட்டிப் பாப்பாவுக்காக', 'நான் பிழைத்ததற்காக'. எனக்கு நேர் முன்னால் நின்றவர் அறுபது வயதைத் தாண்டியவர். முதுகில் ஒரு பெண்ணின் படம், கீழே இரண்டு ஆண்டுகள், நடுவில் ஒரு கோடு. இரண்டுக்கும் இடையே முப்பதுகூட இல்லை. மகளாக இருக்க வேண்டும். படம் கசங்காமல் இருக்க, நாலு மூலையிலும் ஊக்குக் குத்தி, அதன் மேல் பிளாஸ்டிக் தாள் போட்டிருந்தார். தஞ்சாவூர்க்காரர் அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார், ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெரியவரின் தோளில் கை வைத்தார். அவர் திரும்பி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

முதல் மைல் கொண்டாட்டம். சுரங்கப்பாதைக்குள் போகும்போது யாரோ "ஆகி ஆகி ஆகி!" என்று கத்த, ஆயிரம் பேர் "ஓய் ஓய் ஓய்!" என்று திருப்பிக் கத்துவது இங்கே வழக்கம். அப்புறம் டைன் பாலம். 1928-இல் திறந்த அந்த வளைவுப் பாலத்தின் மேல், இரண்டு பக்கமும் ஆற்றைப் பார்த்தபடி, நடுச் சாலையில் ஓடுவது வேறு எந்த நாளும் கிடைக்காது. விமானப்படையின் சாகசக் குழுவான ரெட் ஏரோஸின் விமானங்கள் சிவப்பும் வெள்ளையும் நீலமுமாய்ப் புகை விட்டுக்கொண்டு தலைக்கு மேல் போனபோது மதுரைத் தம்பி ஓடுவதையே விட்டுவிட்டு அண்ணாந்து நின்றுவிட்டான். டாக்டர் அக்கா கையைப் பிடித்து இழுத்தார். வானிலை சரியில்லாவிட்டால் விமானம் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேட்ஸ்ஹெட் தாண்டி ஹெவொர்த் பக்கம் வரும்போது அண்ணனுடைய வாடிக்கையாளர்கள் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பால், பத்திரிகை வாங்க வரும் பாட்டிமார்கள். அண்ணனைப் பார்த்ததும் அத்தனை பேரும் எழுந்து பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். ஒருவர் ஓடிவந்து அவர் கன்னத்தில் முத்தம் கொடுத்து, கையில் ஆரஞ்சுச் சுளைகளைத் திணித்தார். முப்பது வருடமாக அவர் அந்த ஊரில் கடை வைத்திருக்கிறார். அன்றுதான் அவர் முகத்தை அப்படிப் பார்த்தேன்.

இந்த ஓட்டத்துக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் இந்தச் சாலையோர மக்களுக்குத்தான். அதிகாரபூர்வமாகத் தண்ணீர் கொடுக்கும் இடங்கள் ஒழுங்காக இருக்கின்றன. அதற்கு மேல் வீட்டு வாசலில் நின்று ஐஸ் குச்சி, மிட்டாய், பிஸ்கட், ஆரஞ்சு என்று குழந்தைகள் நீட்டிக்கொண்டே இருக்கிறார்கள். தோட்டக் குழாயைப் பிடித்துத் தண்ணீர் தெளிக்கிறார்கள். நெஞ்சில் இருக்கும் பெயரைப் படித்து, "ஹவே, பெட்!" என்று கூப்பிடுகிறார்கள். 'வா கண்ணு, வா' என்று நாம் சொல்வோமே, அதேதான்.

பத்தாவது மைல் பக்கம் ஜான் ரீட் சாலை வரும். வரைபடத்தில் பார்த்தால் மொத்தப் பாதையும் சற்று இறக்கம்தான், முடிவிடம் கிளம்பிய இடத்தைவிடத் தாழ்வு. அதை நம்பி வராதீர்கள். இந்தச் சாலை நீளமாக, நேராக, கண்ணுக்குத் தெரியாத ஏற்றமாகப் போய்க்கொண்டே இருக்கும். முடிவு தெரியாது, நிழல் குறைவு. ஆம்புலன்ஸ் தொண்டர்களிடம் ஆட்கள் உட்காரத் தொடங்குவதையும் இங்கேதான் அதிகம் பார்த்தேன். அண்ணனுக்கு இரண்டு கெண்டைக்காலும் பிடித்துக்கொண்டது. ஓரமாய் நின்று தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கள் போங்கோ தங்கச்சி. நான் மெல்ல மெல்ல வாறன்."

"யாரும் போகப் போறதில்ல அண்ணா, உக்காருங்க" என்று சொல்லி நடைபாதை விளிம்பில் உட்கார வைத்தேன். டாக்டர் அக்கா ஒரு காலையும் நான் ஒரு காலையும் பிடித்து, பாதத்தை முட்டிப் பக்கமாக மடக்கிப் பிடித்துக்கொண்டோம். தசை கல்லாய் இறுகியிருந்தது. அது மெல்ல இளகுவது கைக்குத் தெரிந்தது. தம்பி எங்கிருந்தோ உப்புப் போட்ட உருளைக்கிழங்குச் சிப்ஸ் பாக்கெட் ஒன்று வாங்கி வந்தான். தாண்டிப் போனவர்களில் எத்தனையோ பேர் நின்று, உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அதன் பிறகு நாங்கள் ஓடவில்லை, வேகமாக நடந்தோம். கடைசிக்கு முந்தைய மைலில் சாலை சட்டென்று கீழே சரியும், எதிரே கடல் தெரியும். அந்தச் சரிவில் முட்டியைப் பார்த்து இறங்குங்கள். கடலைக் கண்ட உற்சாகத்தில் பாய்ந்து இறங்கினால் மறுநாள் படி இறங்க முடியாது. கீழே இடதுபுறம் திரும்பியதும் கடைசி ஒரு மைல் கடலோரச் சாலை. எல்லைக்கோடு தெரிகிற மாதிரி இருக்கும், வரவே வராது. எதிர்காற்று வேறு.

கடைசி இருநூறு மீட்டரில் அண்ணன், "இப்ப ஓடுவம்" என்றார். ஐந்து பேரும் கை கோத்துக்கொண்டு ஓடினோம். மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகியிருந்தது. தஞ்சாவூர்க்காரர் மனைவி தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். வளர்ந்து வரும் குட்டை முடிக்குத் தலையில் ஒன்றும் கட்டாமல் வந்திருந்தார். அவர் மெடலைக் கழற்றி மனைவி கழுத்தில் போட்டார். அந்த அம்மா அதைக் கழற்றவில்லை, வீடு வரை போட்டுக்கொண்டே வந்தார்.

முடிந்த பிறகு தொண்டு நிறுவனங்களின் கூடாரங்கள் வரிசையாக இருக்கும். டீ கிடைக்கும், உட்கார இடம் கிடைக்கும். குடும்பத்தைச் சந்திக்கும் இடத்தை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்; அந்தக் கூட்டத்தில் போன் சிக்னலை நம்பியிருக்க முடியாது. திரும்பி வருவதுதான் இந்த நாளின் பொறுமைச் சோதனை. ஒரு சின்னக் கடற்கரை ஊரில் இத்தனை ஆயிரம் பேர் ஒரே மதியத்தில் மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் வந்தால் வரிசை நீளத்தான் செய்யும். அவசரமில்லாவிட்டால் கடற்கரையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள். அல்லது ஆற்றைக் கடந்து நார்த் ஷீல்ட்ஸ் போகும் படகு உண்டு, அந்தப் பக்கம் போய் மெட்ரோ பிடிக்கலாம். நாங்கள் புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போயிருந்தோம். உப்புக்கும் வயிற்றுக்கும் அதைவிட எதுவும் தேவைப்படவில்லை.

அடுத்த முறையும் பதிவு செய்யப் போகிறோம். தஞ்சாவூர்க்காரர் மனைவியும் நடந்தாவது வருகிறேன் என்கிறார், டாக்டர் அக்கா அவருக்கு இப்போதே நடைப் பயிற்சி அட்டவணை போட்டுக் கொடுத்துவிட்டார். தொண்டு நிறுவனங்களின் இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால், சேர நினைப்பவர்கள் குளிர்காலத்திலேயே விசாரித்துவிடுங்கள். வடகிழக்குப் பக்கம் இருப்பவர்கள் எங்களோடு சேர்ந்தும் ஓடலாம், வேகம் முக்கியமில்லை. தமிழ் எழுத்தைப் பிசகாமல் பனியனில் அச்சடித்துத் தரும் கடை எதுவும் நியூகாஸில் பக்கம் தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.